டெய்லரின் பெட்டியைத் தூக்கிய 24 பேர்

உங்கள் பூட்டன் ஸ்கொட்லாந்தில் பிறந்தவராக இருந்தால் அவரைத் தேடிப் பிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. அங்கே 1855 ஜனவரியில் இருந்து பிறப்பு, கல்யாணம், இறப்பு எல்லாம் அரசாங்கப் பதிவு. அதற்கு முந்திய காலத்துக்கு தேவாலயப் பதிவேடுகள் இருக்கின்றன. ஸ்கொட்லாந்து அரசே நடத்துகிற இணையத்தளத்தில் கொஞ்சம் காசு கட்டினால் வீட்டிலிருந்தே பார்க்கலாம். அந்தப் பூட்டன் இலங்கைக்கு வந்து தோட்டத்துரை ஆனவர் என்றால் இன்னும் லேசு. பெர்குசன் டிரெக்டரியைப் புரட்டினால் எந்த வருஷம், எந்தத் தோட்டம், எத்தனை ஏக்கர், யார் முதலாளி, யார் பெரியதுரை எல்லாம் வரும். இங்கேயே செத்துப் புதைத்திருந்தால் அதற்கும் வழி உண்டு. பென்றி லூயிஸ் என்ற சிவில் அதிகாரி இந்தத் தீவின் கல்லறை எழுத்துக்களைத் திரட்டி 1913இல் ஒரு தடித்த புத்தகமே போட்டிருக்கிறார்.

சரி, நமக்கு?

நமுனுகுல மலையைச் சுற்றி, பசறை பக்கமும் பதுளை பக்கமும் உள்ள தோட்டங்களில் வளர்ந்த எங்களில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். தாத்தா பேர் தெரியும். பாட்டன் பேர் சிலருக்குத் தெரியும். அதற்கு மேலே "ஊர்ல இருந்து வந்தாங்க" என்ற ஒரே வரிதான். எந்த ஊர்? திருச்சி பக்கம். சேலம் பக்கம். பக்கம் என்றால் எவ்வளவு தூரம் என்று யாருக்கும் தெரியாது.

இந்த இரண்டு தேடலையும் ஒன்றாக வைத்துப் பார்க்கணும் என்பதுதான் எங்கள் கருத்து. ஏனென்றால் இரண்டும் ஒரே தோட்டத்தில், பல சமயம் ஒரே கணக்குப் புத்தகத்தில் தொடங்குகின்றன.

முதலில் துரைமாரைப் பார்ப்போம். துரை என்றதும் நமக்கு பிரபு வீட்டுப் பிள்ளை என்ற நினைப்பு. ஆனால் அன்று வந்த ஸ்கொட்லாந்துக்காரர்களில் நிறையப் பேர் குத்தகை விவசாயிகளின், கைத்தொழிலாளர்களின் பிள்ளைகள். 1867இல் லூல்கந்துரயில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரின் அப்பா வண்டிச் சக்கரம் செய்கிற தச்சர். கின்கார்டின்ஷயர் பகுதியில் ஒரு சின்ன வீடு. டெய்லர் 1852இல் இங்கே வந்து இறங்கும்போது வயது 16. மூன்று வருஷ ஒப்பந்தம், வருஷத்துக்கு 100 பவுண் சம்பளம். சொந்தக்காரர்கள் முன்பே வந்திருந்தார்கள், அவர்கள் வழியாக இவர் வந்தார். ஒருத்தர் போய் மற்றவரை இழுப்பது நம்ம ஆட்களின் கதையிலும் உண்டு. அதைச் செய்தவர் கங்காணி.

வித்தியாசம் எங்கே இருக்கிறது? டெய்லர் அப்பாவுக்குக் கடிதம் எழுதினார். அப்பா அதை வைத்திருந்தார். இன்றைக்கு அந்தக் கடிதங்கள் எடின்பரோவில் ஸ்கொட்லாந்து தேசிய நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றை வைத்து ஏஞ்சலா மெக்கார்த்தி, டி.எம். டிவைன் என்ற இரண்டு வரலாற்றாசிரியர்கள் 2017இல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார்கள். நல்ல வேலைதான், பொறாமையாகவும் இருக்கிறது.

டெய்லர் 1892இல் செத்தார். கடைசிக் காலத்தில் கம்பனி அவரைத் தோட்டத்தை விட்டுப் போகச் சொன்னது, அவர் போகவில்லை. பெரிய உடம்பு. பெட்டியைக் கண்டி மஹியாவ மயானத்துக்குத் தூக்கிப் போக 24 பேர் தேவைப்பட்டார்கள். ஒரு நேரத்தில் 12 பேர், நாலு மைலுக்கு ஒருமுறை ஆள் மாற்றம். தொழிலாளிகள் பின்னால் நடந்தார்களாம், அவரை 'சாமித்துரை' என்று கூப்பிட்டார்களாம். தேயிலை பற்றிய புத்தகங்களில் இந்தக் கதை திரும்பத் திரும்ப வருகிறது. அவருடைய எடை எத்தனை இறாத்தல் என்பது கூட இருக்கு. தோள் கொடுத்த 24 பேரில் ஒருவருடைய பேரையும் நாங்கள் படித்த எதிலும் காணவில்லை.

பதுளை டவுனுக்குள்ளேயே இதைப் பார்க்கலாம். புனித மார்க் தேவாலயம் மேஜர் றொஜர்ஸ் நினைவாகக் கட்டியது. அவர் 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தவர், 1,400 யானைக்கு மேல் சுட்டவர் என்று சொல்வார்கள். செத்த யானைக்குக் கூட ஒரு எண்ணிக்கை இருக்கிறது என்று எங்களோடு வந்த தோழி சொன்னாள். கசப்பான பகிடி.

நம்மவர்களுக்கும் எண் கொடுத்தார்கள்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து ஆள் கொண்டுவரும்போது தகரத் துண்டில் தோட்டத்து இலக்கமும் ஆளுடைய இலக்கமும் அடித்துக் கையில் கொடுத்தார்கள். ஆள் எங்கே தொலைந்தாலும் எந்தத் தோட்டத்துச் சொத்து என்று தெரியணும், அதுதான் நோக்கம். பேர் யாருக்கு வேணும்? இங்கிலீஷ்காரப் பேச்சில் எல்லாருமே 'ராமசாமி'. புதிதாக வந்த சின்னதுரை தமிழ் படிக்க அந்தப் பெர்குசன் குடும்பத்தில் ஒருவரே போட்ட கையேட்டின் தலைப்பு 'இங்கே வா'. பேர் தெரியாத ஆளைக் கூப்பிட அது போதும்.

இதெல்லாம் பழங்கதை, இப்போ எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். ஸ்கொட்லாந்துக்காரப் பேரனுக்கு குடும்ப வரலாறு ஓய்வுநேர ஆசை. நம்ம தாத்தாமாரிடம் அதைச் சட்டம் கேட்டது. 1948 பிரஜாவுரிமைச் சட்டப்படி இந்த நாட்டில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. அப்பா இங்கே பிறந்தவர் என்று காட்டணும். இல்லையென்றால் அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டணும். லயத்துக் காம்பராவில் பிறந்து, மருத்துவிச்சி கையில் விழுந்த பிள்ளைக்கு எந்தக் கடதாசி? அடுத்த வருஷம் இன்னொரு சட்டம் வந்தது, அதற்குத் தொடர்ந்து இத்தனை வருஷம் இங்கே இருந்ததை நிரூபிக்கணும். 8 இலட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போட்டார்கள். கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு. பிறகு 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேர் அந்தப் பக்கம், 300,000 பேர் இந்தப் பக்கம் என்று பிரித்தார்கள். கோச்சி ஏறிப்போன சொந்தங்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடி தேயிலைத் தோட்டத்துக்கே போய்ச் சேர்ந்தார்கள். ஒரு குடும்ப மரத்தைப் பாதியில் வெட்டி இரண்டு நாட்டில் நட்ட மாதிரி.

ஆகவே செக்ரோல் புத்தகம், தோட்டத்துப் பிறப்பு இறப்புப் பதிவேடு என்பதெல்லாம் வெறும் பழைய கடதாசி இல்லை. பேர் பதிந்த நாள், யாருடைய மகன், எந்தக் கங்காணியின் ஆள், எல்லாம் அதில்தான். நாங்கள் ஒரு தோட்டத்து ஆபீஸில் போய்க் கேட்டோம். பழைய புத்தகம் எல்லாம் இடத்தை அடைக்குது என்று எரித்துவிட்டார்களாம். சொன்ன ஐயா நல்ல மனுஷன், தேத்தண்ணி கூடக் கொடுத்தார். அவர் மேல் கோபமில்லை. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போய், 1992இல் திரும்பக் கம்பனிகளுக்கு வந்து, ஒவ்வொரு கை மாறும்போதும் அலுமாரியைக் காலி செய்ய ஆள் இருந்தது. காப்பாற்றச் சொல்லத்தான் யாரும் இல்லை. மிச்சம் இருப்பதையாவது தேசிய சுவடிகள் கூடம் பொறுப்பெடுத்துப் படம் பிடித்து வைக்கணும். நம்ம பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகள் மாணவர்களை இதற்கு அனுப்பலாம். பரீட்சைக்கு டச்சுக்காரன் காலத்தைப் பாடமாக்குவதை விட இது பிரயோசனம்.

இன்னொன்று, இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. சில வீடுகளில் அந்த இரண்டு மரமும் ஒன்றாகவே வளர்ந்திருக்கின்றன. துரை பங்களாவுக்கு வேலைக்குப் போன பெண், வெளுத்த தோலோடு பிறந்த பிள்ளை. இந்தியாவின் தேயிலை மலைகளில் இப்படிப் பிறந்த பிள்ளைகளுக்காக ஜோன் கிரஹாம் என்ற ஸ்கொட்லாந்து மிஷனரி 1900இல் காலிம்பொங்கில் இல்லம் தொடங்கினார். அங்கிருந்து 130 பேர் நியூசிலாந்துக்கு அனுப்பப்பட்டார்கள், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று பாட்டிமாரைத் தேடுகிறார்கள். நுவரெலியாவிலும் பெய்ன்டர் குடும்பத்தார் அப்படி ஒரு இல்லம் நடத்தினார்கள். நம்ம லயங்களில் இதைக் கிசுகிசுவாகத்தான் பேசுகிறோம். அந்தப் பெண்கள் செய்த குற்றம் என்ன? துரை கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்லக்கூடிய நிலையில் அவர்கள் இருந்தார்களா? அவமானப்பட வேண்டியது யார் என்று யோசித்தால் பேசுவது லேசாகிவிடும்.

ஹப்புத்தளைக்கும் பதுளைக்கும் கையில் பழைய படத்தோடு வருகிற வெள்ளைக்காரர்களைக் கண்டால் இனி நாம் ஒதுங்கி நிற்க வேண்டாம். அவர்கள் வீட்டுப் பெட்டிகளில் இருக்கிற கடிதத்திலும் ஆல்பத்திலும் நம்ம ஆட்களும் இருப்பார்கள், பங்களா வாசலில், பிரட்டுக்களத்தில், படத்தின் ஓரத்தில். உங்க பூட்டன் பக்கத்தில் நிற்கிறது யார், பின்னால் பேர் எழுதியிருக்கா, ஒரு கொப்பி தர முடியுமா என்று கேட்போம். கேட்கிற உரிமை நமக்கு இருக்கிறது.

அதற்கு முன்னால் வீட்டில் கேட்க வேண்டியதும் இருக்கிறது. குலதெய்வம் எது, பிடிமண் எங்கிருந்து வந்தது, கங்காணி பேர் என்ன. ஊரைத் தேடிப் போனால் சாதியும் கூடவே வரும், அது தெரிந்துதான் பல பெரியவர்கள் வாயைத் திறப்பதில்லை. அவர்கள் மறைப்பதில் நியாயம் உண்டு. அதனால் பெருமை தேடிப் போகிறவர்கள் இந்த வேலைக்கு வேண்டாம். எங்கள் குழுவில் ஒருத்தியின் அம்மாயிக்கு 84 வயது. போன தைப்பொங்கலுக்கு உட்கார்ந்து கேட்டபோது தன் பாட்டியோடு கொழுந்து எடுத்த பெண்களின் பேரை நிரை வரிசைப்படி சொன்னார், பதினொரு பேர். ஃபோனில் பதிந்து வைத்திருக்கிறோம். பன்னிரண்டாவது பேர் ஞாபகம் வந்தால் சொல்கிறேன் என்றிருக்கிறார்.