தனியே அழைத்துச் சென்றார்



பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. பிற பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடுவதில்லை. இத்தகைய குழந்தையை அடங்காப்பிடாரி என்றும், பெற்றோர் செய்த பாவத்தின் பலன் என்றும் கூறுவோர் நம் பங்குகளில் இன்னும் உண்டு. மருத்துவர்கள் இந்நிலையை ஆட்டிசம் என்பர்.

இது தண்டனையன்று, தாயின் பாசக் குறைவால் வருவதுமன்று. 1943ஆம் ஆண்டு லியோ கேனர் என்னும் மருத்துவர் இதனை விளக்கி எழுதிய பின்னர், தாய்மாரின் குளிர்ந்த உள்ளமே காரணம் எனப் பழி சுமத்தினோர் பலர். 1964ஆம் ஆண்டு பெர்னார்டு ரிம்லண்டு என்னும் உளவியலறிஞர் அப்பழியை நூலெழுதி மறுத்தார். அவரும் ஆட்டிசமுடைய மகனின் தந்தையே.

அன்று பழிக்கப்பட்ட பெற்றோரே இன்று முதல் ஆசிரியராக மதிக்கப்படுகின்றனர். கோவாவிலும் பாகிஸ்தானின் இராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளின் குடும்பங்களில் நடந்த ஆய்வொன்று 2016ஆம் ஆண்டு வெளிவந்தது. பயிற்சி பெற்ற எளிய பணியாளரே பெற்றோருக்கு வழிகாட்டினர். பெற்றோர் குழந்தையின் போக்குக்கு இசைந்து நடக்கக் கற்றனர். குழந்தைகளும் தாமாகப் பெற்றோரை நாடுவது மிகுந்தது.

வழி எளிது, பொறுமையே அரிது. குழந்தை பொம்மை வண்டியின் சக்கரத்தையே சுழற்றிக்கொண்டிருந்தால் அதைப் பிடுங்காதீர்கள். அதன் எதிரே தரையில் அமர்ந்து, நீங்களும் ஒரு சக்கரத்தைச் சுழற்றுங்கள். "சுத்துது" என்று ஒரு சொல் மட்டும் சொல்லிக் காத்திருங்கள். ஒரு பார்வையோ ஓர் ஒலியோ வந்தால், அதனையே பேச்சாக ஏற்று மறுமொழி கூறுங்கள். பின்னர் "என் முறை, உன் முறை" எனப் பந்தை உருட்டுங்கள். கண்ணைப் பார் என்று முகத்தைப் பிடித்துத் திருப்ப வேண்டா. தந்தையரே, இது தாய்க்கு மட்டும் உரிய வேலையன்று! ஐயம் எழுந்தால், வளர்ந்தால் சரியாகும் என்றிராமல் குழந்தைநல மருத்துவரை அணுகுங்கள்.

குறைபாடுடையோருக்கும் அவர்தம் நிலைக்கேற்ப மறைக்கல்வி கிடைக்கச் செய்வது பங்குத்தந்தையின் கடமை என்கிறது 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு (777). அதில் பங்குமக்களாகிய நம் அனைவருக்கும் பங்குண்டு. திருப்பலியில் ஒரு குழந்தை கூவும்போது திரும்பி முறைக்கும் கண்களே அக்குடும்பத்தைக் கோவிலினின்று விரட்டுகின்றன. காது கேளாதவரை ஆண்டவர் கூட்டத்தினின்று தனியே அழைத்துச் சென்றே குணமாக்கினார் (மாற்கு 7). இரைச்சல் தாங்காத பிள்ளைக்கு ஒலிபெருக்கிக்குத் தொலைவில், கதவருகே ஓரிடம் ஒதுக்குவோம். அக்குடும்பம் வரும் ஞாயிறன்று, சற்றே நகர்ந்து, புன்முறுவலோடு இடம் தருவோம்.