பேரியலுக்குப் பிறகு யார்?

பேரியல் அஷ்ரபை மர்ஹூம் அஷ்ரபின் மனைவியாக மட்டும் நினைவுகூர்வது அநியாயம் என்பது என் கருத்து. அரசியலுக்குள் அவர் வந்த வழி அதுதான், மறுக்கவில்லை. 2000 செப்டம்பர் 16 இல் ஹெலிகொப்டர் விபத்தில் கணவர் வபாத்தானார். ஒக்டோபர் 10 பொதுத் தேர்தலில், இத்தாக் காலமே முடியாத நிலையில், பேரியல் திகாமடுல்லவில் வென்றார்.

இது புதிய வழியுமல்ல. எங்கள் கொட்டாஞ்சேனை அடங்கிய கொழும்பு வடக்கில் 1932 இல் நேசம் சரவணமுத்து அரசாங்க சபைக்குத் தெரிவானதும், தேர்தல் மனுவில் கணவர் ஆசனம் இழந்ததால்தான்.

ஆனால் பேரியல் 2001 இலும் 2004 இலும் மீண்டும் வென்றார். ஹக்கீமுடன் பிரிந்து தேசிய ஐக்கிய முன்னணியை வழிநடத்தினார். சுனாமிக்குப் பின் வீடமைப்பு அமைச்சராக இருந்தார். அனுதாப வாக்கு இவ்வளவு தூரம் வராது.

2010 இல் அவர் தோற்றபின் எந்த முஸ்லிம் கட்சியும் பாராளுமன்றத்துக்கு ஒரு பெண்ணை அனுப்பவில்லை. 2015 க்குப் பிறகு முஸ்லிம் காங்கிரஸின் தேசியப் பட்டியல் ஆசனங்கள் கைமாறிக்கொண்டே இருந்தன, ஆண்களுக்குள்ளேயே. ‘தகுதியான பெண்கள் இல்லை’ என்பார்கள். உள்ளூராட்சி சபைகளில் 25 சதவீதம் சட்டமானதும் 2018 இல் எப்படிக் கிடைத்தார்கள்? அடுத்த தேசியப் பட்டியலுக்கு அவர்களிடமிருந்தே பெயர் எடுக்கலாமே.