கூலியில்லாக் கூட்டாளிகள்

கட்டடக் கலையில் உயிரினங்களைப் பணியில் ஈடுபடுத்தி, அவற்றைக் 'கூட்டாளிகள்' என்று அழைக்கும் வழக்கம் அண்மைக்காலத்தில் பரவி வருகிறது. கருமத்தம்பட்டி, சோமனூர் வட்டாரத்தினர் அச்சொல்லை அவ்வளவு எளிதில் ஏற்கமாட்டார்கள். கூலிக்கு நெய்து கொடுக்கும் விசைத்தறியாளர்கள் கூலி உயர்வு கேட்டு 2022-லும் 2025-லும் தறிகளை நிறுத்திப் போராடிய பகுதி இது. கூட்டாளி என்றால் அவனுக்குக் கிடைப்பது என்ன என்றுதான் இங்குள்ளவர்கள் முதலில் கேட்பார்கள்.

அதே கேள்வியைப் பட்டுப்புழுவுக்காகவும் கேட்க வேண்டியிருக்கிறது. 2013-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் நெரி ஆக்ஸ்மன் தலைமையிலான குழு 'பட்டு மண்டபம்' ஒன்றை எழுப்பியது. கணினிவழி இயங்கும் கருவி பட்டு நூலால் 26 தட்டிகளைப் பின்னியது. அவற்றின் மேல் 6,500 புழுக்கள் விடப்பட்டன. பற்றிக்கொள்ள உயர்ந்த முனை ஏதுமில்லாத பரப்பில் பட்டுப்புழு கூடு கட்டுவதில்லை. தட்டையாகவே நூற்றுச் செல்லும். அவ்வியல்பைப் பயன்படுத்தியே மண்டபம் உருவாயிற்று. இருண்ட இடங்களையும் நூல் அடர்ந்த இடங்களையும் புழுக்கள் நாடியதால், பட்டு எங்கே தடிக்கும், எங்கே மெலியும் என்பதில் அவற்றுக்கும் பங்கிருந்தது.

இதில் பாராட்டத்தக்க ஒன்றுண்டு. உடுமலைப் பக்கம் மல்பெரி பயிரிட்டுப் புழு வளர்க்கும் உழவர்கள் அறிந்ததுதான்: பட்டுக்கூடு நூற்புக்குச் சென்றதும் உள்ளிருக்கும் உயிர் வெப்பத்தில் மடிகிறது. மண்டபத்துப் புழுக்களோ அந்துப்பூச்சிகளாக உருமாற விடப்பட்டன. (ஆடவர் பட்டு அணிவது விலக்கப்பட்டிருப்பது வேறு பொருள், அதை இங்கே கலக்க வேண்டாம்.)

ஆயினும் ஒரு நெருடல் எஞ்சுகிறது. புழு நூற்கும் கூடு அதன் வீடு. நமக்கு மண்டபம் கிடைத்தது; தன் வீடில்லாமலே அது உருமாற நேர்ந்தது. தேனீக்கு வீடமைக்கும் அறிவை அளித்தவன் அல்லாஹ்வே என்று அந்நஹ்ல் அத்தியாயம் அறிவிக்கிறது. ஓர் உயிர் தனக்கெனப் பெற்ற அருட்கொடையை நாம் திசைதிருப்பிவிட்டு, அதற்குக் கூட்டுழைப்பு என்று பெயரிடலாமா?

உயிர்களைப் பயன்படுத்தவே கூடாது என்பதன்று என் வாதம். மதீனாவில் அன்சாரித் தோழர் ஒருவரின் தோட்டத்தில் நபி (ஸல்) அவர்களைக் கண்டு ஓர் ஒட்டகம் கண்ணீர் வடித்த செய்தியை நாம் அறிவோம். அதைப் பட்டினி போட்டு ஓயாது வேலை வாங்கிய உரிமையாளரை அவர்கள் கண்டித்தார்கள். வேலை வாங்குவதையே தடுக்கவில்லை. உழைக்கும் உயிருக்கு உரிமை உண்டு என்பதே அங்கு நிலைநாட்டப்பட்டது.

காளான் இழைகளை வேளாண் கழிவில் படரவிட்டுச் செய்யும் செங்கற்களைப் பற்றி எனக்கு இத்தகைய மனக்குறை இல்லை. 2014-இல் நியூயார்க்கில் அவ்வாறு சுமார் 10,000 கற்களால் ஒரு கோபுரம் எழுந்தது. இத்தகைய கற்களைப் பொதுவாகச் சூடேற்றி, இழையின் வளர்ச்சியை நிறுத்திவிடுவார்கள். காளானுக்கு ஒட்டகத்தின் வலி இல்லை. அதை மூலப்பொருள் என்றே சொல்லிவிடலாம், அதில் இழிவேதுமில்லை.

கூட்டாளி என்ற சொல்லுக்குத் தகுதியான கட்டுமானம் நம் நாட்டின் மேகாலயாவில் இருக்கிறது. காசி, ஜைந்தியா மக்கள், ஆலின் இனத்தைச் சேர்ந்த ரப்பர் மரத்தின் விழுதுகளை, துளையிட்ட பாக்கு மரத்தண்டுகளின் வழியே ஆற்றின் மறுகரைக்குச் செலுத்திப் பாலமாக்குகிறார்கள். பாலம் ஆள் தாங்க 15 முதல் 30 ஆண்டுகள் வரை ஆகும். மரம் வெட்டப்படுவதில்லை, அது தழைக்கத் தழைக்கப் பாலமும் உறுதிப்படுகிறது. நட்டவர் தம் ஆயுளில் அதில் நடக்காமலே போவதும் உண்டு. 2022-இல் இப்பாலங்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன.

நம் ஊர்களில் மனை வாங்கியதும் முதல் வேலையாக அங்கு நிற்கும் வேம்பை வெட்டிவிடுகிறோம். அதன் நிழலைக் கணக்கில் கொண்டு சுவரைச் சற்றே தள்ளி வரைந்து தருமாறு கேட்டால் பொறியாளர் மறுக்கப் போவதில்லை. வேலைக்குக் கொத்தனார் வருவதற்கு முன்னரே அதைக் கேட்டுவிட வேண்டும்.