மருந்துச் செப்பின் நியாயம்

ஜப்பான் தேசத்தில் "மிதோ கோமோன்" என்கிற டெலிவிஷன் நாடகம் 2011ம் வருஷம் டிசம்பர் மாதம் 19ந் தேதியோடு முடிவடைந்தது. 1969ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 4ந் தேதி ஆரம்பித்து, 42 வருஷ காலம், 43 பாகங்களாக, 1227 தடவை நடந்த நாடகம் இது. இடையிடையே வேறு நாடகங்களுக்கு இடம் விட்டது உண்டு என்றாலும், திங்கட்கிழமை இரவு 8 மணி என்றால் அது இந்தக் கிழவனாருடைய நேரம் என்று அந்நாட்டில் ஆகிவிட்டது. 1979ம் வருஷத்தில் ஒரு இரவு தோக்கியோ வட்டாரத்தில் 100 வீடுகளில் 43க்கு மேற்பட்ட வீடுகளில் இதையே பார்த்ததாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். இப்படி ஒரு தேசத்து ஜனங்களை இவ்வளவு காலம் கட்டிப் போட்ட கதை எது, அது எங்கிருந்து வந்தது, ஏன் நின்றது என்பதை நாமும் சற்று கவனிப்பது வீண்வேலை ஆகாது.

கதை மிகவும் சுலபம். எச்சிகோ நாட்டுப் பட்டு வியாபாரி என்று சொல்லிக்கொண்டு வெள்ளைத் தாடிக் கிழவர் ஒருவர், சுகே, காகு என்கிற இரண்டு வாலிபர்களோடு ஊர் ஊராகப் போகிறார். போகிற ஊரிலெல்லாம் ஒரு கொடிய அதிகாரியும் அவனுக்குக் கைக்கூலி கொடுக்கும் ஒரு வியாபாரியும் ஏழைகளை வதைக்கிறார்கள். கிழவர் துப்பறிகிறார். வாலிபர்கள் அடிதடி செய்கிறார்கள். கடைசியில் ஒரு வாலிபன் இடுப்பில் கட்டும் அரக்கு மருந்துச் செப்பு ஒன்றைத் தூக்கிக் காட்டி, இதிலுள்ள முத்திரை உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லையா என்று அதட்டுகிறான். அது ஜப்பானை ஆண்ட தோகுகாவா குடும்பத்தின் மூன்று இலை முத்திரை. உடனே கத்தியோடு நின்ற அத்தனை பேரும் மண்ணில் விழுந்து கும்பிடுகிறார்கள். நியாயம் வழங்கியாகிவிட்டது! (நடுவே ஒரு அம்மாள் குளிக்கிற காட்சியையும் அடிக்கடி சேர்த்து வந்தார்கள். நீதி போதனைக்கு அது எதற்கு வேண்டுமோ, சேர்த்தவர்களுக்குத்தான் வெளிச்சம்.)

இங்கேதான் நாம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. அந்த அதிகாரி திருடன் என்பதற்குச் சாட்சி கிடைத்தது, கணக்குப் புஸ்தகம் கிடைத்தது. அதற்கெல்லாம் அவன் தலை வணங்கினானா? இல்லை. அடிபட்ட குடியானவன் அழுது சொன்னபோது வணங்கினானா? இல்லை. உண்மைக்கு வணங்காதவன் ஒரு செப்புக்கு வணங்குகிறான். அதைவிட விசேஷம், யாருக்காக நியாயம் கிடைத்ததோ அந்தக் குடியானவனும் திருடனோடு சேர்ந்து அதே மண்ணில் நெற்றியை வைக்கிறான். ஆரம்ப காலத்தில் இந்தச் செப்புக் காட்சி எல்லா வாரமும் கிடையாது. ஜனங்களுக்குப் பிடித்துவிட்டது என்று கண்ட பிறகே, நாடகம் முடியச் சில நிமிஷங்கள் இருக்கையில் தவறாமல் வரும்படி செய்தார்கள்.

இனி உண்மை மனிதரைப் பார்ப்போம். தோகுகாவா மித்ஸுகுனி என்பவர் 1628ல் பிறந்து 1701ல் இறந்தவர். மிதோ நாட்டின் இரண்டாவது பிரபு. தோகுகாவா ஆட்சியை ஸ்தாபித்த இயெயாசுவின் பேரன். இவர் தேசமெல்லாம் சுற்றியவரே அல்ல. தமது நாடு, எதோ நகரம், காமாகுரா முதலிய பக்கத்து இடங்கள், இவ்வளவுதான் இவருடைய யாத்திரை. இவர் செய்த பெரிய காரியம் ஜப்பான் சரித்திரத்தைத் தொகுக்க ஏற்பாடு செய்தது. 1657ல் தொடங்கிய அந்த வேலை 1906ல்தான் முடிந்தது! நாடகத்திலே அடிதடி செய்கிற சுகேயும் காகுவும் உண்மையில் அந்த வேலையில் இருந்த சஸ்ஸா, அசாகா என்கிற இரண்டு பண்டிதர்கள். பழைய ஏடுகளைத் தேடி ஊர் ஊராகப் போனவர் அந்த சஸ்ஸாவே தவிர பிரபு அல்ல.

பிரபுவிடம் நல்லது இல்லாமலில்லை. எஜமான் செத்தால் வேலைக்காரரும் வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகும் கொடுமையைத் தமது நாட்டில் தடுத்தார். 1666ல் தம் நாட்டிலிருந்த புத்தர் கோயில்களில் சுமார் பாதியை மூடினார். (இதைக் கேட்டுச் சந்தோஷப்படுகிறவர்கள், ஷிண்டோ கோயில்களுக்கு அவரே வாழ்வு கொடுத்தார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.) ஆனால் 1694ல் தம்முடைய உத்தியோகஸ்தர் ஒருவரைத் தம் கையாலேயே குத்திக் கொன்றார். விசாரணை ஏது, வாக்குமூலம் ஏது?

இப்பேர்ப்பட்டவரை ஏழை பங்காளராக்கியது கதைசொல்லிகள். 19ம் நூற்றாண்டில் காசுக்குக் கதை சொன்னவர்கள் இவரை ஊர் சுற்ற வைத்தார்கள். பிறகு சினிமாக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் மத்ஸுஷிதா மின்சாரக் கம்பெனி பணம் போட, டெலிவிஷனுக்கு வந்தார். மாறுவேடத்தில் திரிந்த ராஜா கதை எந்த தேசத்தில்தான் இல்லை? பாக்தாதுக்கு ஹரூன் அல் ரஷீது என்றால் ஜப்பானுக்கு இவர். கொடுமை செய்கிறவன் சின்ன அதிகாரி, பெரிய பிரபுவுக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்தால் சும்மா விடமாட்டார் என்கிற நினைப்பு பெரிய பிரபுக்களுக்கு எவ்வளவு சௌகரியமானது!

நாடகத்தில் ஒருநாளும் வராத சங்கதி ஒன்று உண்டு. மித்ஸுகுனி இறந்து சில வருஷங்களுக்குள், அவருடைய அண்ணன் மகன் பிரபுவாயிருந்தபோது, வெறும் கஜானாவை நிரப்புவதற்காக மத்ஸுநாமி என்கிற ஆசாமியைக் கொண்டுவந்தார்கள். அவன் வாய்க்கால் வெட்டுகிறேனென்று குடியானவர்களைப் பிழிந்து வேலை வாங்கினான். எந்த ஊர்க் கிழவரும் செப்போடு வந்து சேரவில்லை. 1709ல் குடியானவர்களே கூட்டங்கூட்டமாய்ப் புறப்பட்டு, எதோ நகரத்துக்கு நடந்து, பிரபுவின் மாளிகை வாசலில் முறையிட்டார்கள். திட்டம் ரத்தாயிற்று. மத்ஸுநாமி வேலையிழந்து சிறையில் செத்தான். முத்திரை குத்திய மிதோ நாட்டிலேயே, முத்திரை வைத்திருந்தவர்களிடமிருந்தே, வெறுங்கையோடு போனவர்கள் நியாயத்தை வாங்கினார்கள். இந்தக் கதையை 1227 இரவுகளில் ஒரு இரவாவது காட்டியிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்?

சரித்திரத்துக்குச் சற்று கிட்டப் போகப் பார்த்ததும் நிலைக்கவில்லை. 2001ல் இஷிசாகா கோஜி என்கிற நடிகர் தாடியில்லாமல் வேஷம் போட்டார். அடுத்த பாகத்திலேயே தாடி வந்து ஒட்டிக்கொண்டது. அவருக்குப் பின் கடைசி வரையில் கிழவராக நடித்த சதோமி கோதாரோ, முன்னே வெகு காலம் சுகே வேஷம் போட்டவர். பார்த்தவர்களும் அப்படியே கூட வயதானார்கள். இளைஞர்கள் பார்க்கவில்லை. பார்ப்பவர் தொகை முன்னிருந்ததில் நாலில் ஒரு பங்காயிற்று. பழங்காலத்து நாடகத்துக்கு உடுப்பும் பொய்முடியும் குதிரையுமாகச் செலவோ அதிகம். ஆகவே நிறுத்திவிட்டார்கள். ஜனங்களுக்குப் புத்தி வந்து நிறுத்தியதாக யாரும் எண்ண வேண்டியதில்லை. கணக்குப் பிள்ளை நிறுத்தினார். 2017ல் தக்கேதா தெத்ஸுயா என்கிற வேறொரு நடிகரைக் கொண்டு, வேறொரு ஒளிபரப்பு வழியில் கிழவரை மறுபடியும் நடக்கவிட்டார்கள். செப்பும் கூடவே வந்தது.