நஞ்சுண்ட மண்ணும் நலம் பெறும்



சில மாதங்களுக்கு முன் வன்னியில் மீள்குடியேறிய கிராமம் ஒன்றில் வீட்டுத்தோட்டம் பற்றிய கூட்டம் ஒன்றை நடத்தினோம். நாற்றுகளும் விதைப் பொதிகளும் கொடுத்து முடிந்ததும் எல்லோரும் எழுந்து போனார்கள். வயதான அம்மா ஒருவர் மட்டும் போகவில்லை.

“பிள்ளை, என்ரை வளவிலை எத்தினை ஷெல் விழுந்தது எண்டு எனக்குத்தான் தெரியும். இந்த மண்ணிலை கீரை போட்டுப் பேரப்பிள்ளையளுக்குச் சமைச்சுக் குடுக்கலாமோ?” என்று கேட்டார்.

எனக்கு உடனே பதில் தெரியவில்லை. நான் சமூகவியல் படித்தவள். மண்ணைப் பற்றிப் படித்தவளல்ல. “விசாரிச்சுச் சொல்லுறன் அம்மா” என்று சொல்லிவிட்டு வந்தேன். விவசாயப் போதனாசிரியர் ஒருவரிடம் கேட்டேன். நானும் தேடி வாசித்தேன். அறிந்துகொண்டதை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன். ஏனென்றால் இது அந்த அம்மா ஒருவரின் கேள்வி மட்டுமல்ல.

மண்ணுக்குள் வேலை செய்வோர்

வளமான மண்ணில் ஒரு தேக்கரண்டி எடுத்தால், அதற்குள் கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் இருக்கும். பங்கசுகளும் இருக்கும். இவற்றை நுண்ணங்கிகள் என்கிறோம். கண்ணுக்குத் தெரியாத இந்த உயிர்கள்தான் விழுந்த இலையையும் சாணத்தையும் உக்க வைக்கின்றன. உக்கி முடிந்தபின் மிஞ்சும் கறுப்பு நிறமான பொருளை உக்கல் என்பார்கள்.

மண்ணில் நஞ்சு கலந்தால் இவை இரண்டு விதமாக உதவுகின்றன. முதலாவது, உடைத்தல். டீசலும் மண்ணெண்ணெயும் சிந்திய மண்ணில் சில பற்றீரியாக்கள் அந்த எண்ணெயையே உணவாக்கிக் கொள்கின்றன. காற்றும் ஈரமும் கிடைத்தால் அதை மெல்ல மெல்லக் காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் மாற்றிவிடுகின்றன. இரண்டாவது, பிடித்து வைத்தல். உக்கல் பல நஞ்சுகளைத் தன்னோடு ஒட்டிப் பிடித்து, அவை எளிதில் வேருக்கும் நீருக்கும் போகாமல் தடுக்கிறது.

வெடிமருந்தைத் தின்ற எருக் குவியல்

ஷெல்லில் இருக்கும் வெடிமருந்தையும் இவை உடைக்குமா? இதற்கு உண்மையான உதாரணம் ஒன்று இருக்கிறது.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் உமற்றில்லா என்ற இடத்தில் இராணுவக் களஞ்சியம் ஒன்று இருந்தது. 1950களிலிருந்து 1965 வரை அங்கே பழைய குண்டுகளைக் கழுவி வெடிமருந்தை அகற்றினார்கள். கழுவிய நீரை, அடியில் எந்தத் தடுப்பும் இல்லாத இரண்டு குட்டைகளில் விட்டார்கள். அப்படி விட்ட நீர் ஏறக்குறைய 8 கோடியே 50 இலட்சம் கலன். ரி.என்.ரி., ஆர்.டி.எக்ஸ். என்ற வெடிமருந்துகள் மண்ணில் ஊறின. நிலத்தடி நீருக்கும் போய்ச் சேர்ந்தன.

அந்த மண்ணைச் சூளையில் இட்டு எரிப்பது ஒரு வழி. ஆனால் 1990களின் நடுப்பகுதியில் அங்கே வேறு வழியைக் கையாண்டார்கள். நஞ்சான மண்ணுடன் மாட்டெரு, கோழி எரு, மரத்தூள், மாட்டுத் தீவனப் பயிர், உருளைக்கிழங்குக் கழிவு ஆகியவற்றைக் கலந்து நீளக் குவியல்களாக வைத்தார்கள். கலவையில் மண் நூற்றுக்கு முப்பது பங்குதான். மற்றதெல்லாம் நுண்ணங்கிகளுக்கான சாப்பாடு. குவியல் உள்ளே சூடேறியது. இயந்திரத்தால் புரட்டிப் புரட்டிக் கொடுத்தார்கள். சில வாரங்களிலேயே வெடிமருந்தின் அளவு பாதுகாப்பான மட்டத்துக்கு இறங்கியது. ஏறக்குறைய 15,000 தொன் மண் இப்படிச் சுத்தமானது.

உள்ளே நடந்தது இதுதான். நுண்ணங்கிகள் ரி.என்.ரி.யின் அமைப்பை மாற்றின. மாறிய பொருளை உக்கல் இறுகப் பிடித்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. இரண்டும் சேர்ந்துதான் வேலை முடிந்தது.

இதை வாசித்தபோது என் மனம் நெகிழ்ந்தது. போருக்காகச் செய்த குண்டின் நஞ்சை மாட்டெருவும் கிழங்குத் தோலும் முறித்திருக்கின்றன! ஆனால் இது நிபுணர்கள் ஆய்வுகூடப் பரிசோதனையோடு செய்த வேலை. நாம் வீட்டில் செய்து பார்க்கக் கூடியதல்ல.

மண்ணால் முடியாதவை

இதில் நாம் மறக்கக் கூடாத விடயங்கள் சில உண்டு.

ஈயம், கட்மியம், பாதரசம் போன்ற உலோகங்களை எந்த நுண்ணங்கியாலும் இல்லாமல் செய்ய முடியாது. துப்பாக்கி ரவைகளிலும் பழைய பற்றரிகளிலும் ஈயம் இருக்கிறது. அது சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உக்கல் அதை ஓரளவு பிடித்து வைக்கும், அவ்வளவுதான்.

நீருக்குள் போய்விட்ட நஞ்சை எடுப்பது இன்னும் கடினம். உமற்றில்லாவில் மண்ணின் வேலை சில ஆண்டுகளில் முடிந்தது. நிலத்தடி நீரையோ 1997 முதல் பல ஆண்டுகள் இறைத்து இறைத்துச் சுத்திகரிக்க வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததை நாம் அறிவோம். பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு வழங்கும்படி 2019 இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. குடாநாட்டில் சுண்ணக்கல்லின் மேல் இருக்கும் மண் படை மெல்லியது. கல் வெடிப்புகளினூடாக அழுக்கு விரைவில் கீழே இறங்கிவிடும். நுண்ணங்கிகள் வேலை செய்ய நேரமே கிடைக்காது.

எல்லாவற்றிலும் முக்கியமானது, வெடிக்காத பொருள். அதற்கு எருவும் இல்லை, மருந்தும் இல்லை. கண்டால் தொடாதீர்கள், அருகில் குப்பை எரிக்காதீர்கள். உடனே கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ மிதிவெடி அகற்றுவோருக்கோ அறிவியுங்கள். பழைய இரும்பு பொறுக்கப் போகும் பிள்ளைகளுக்கும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

நாம் செய்யக் கூடியவை

1. சருகைக் கூட்டி எரிக்காதீர்கள். அது மண்ணின் சாப்பாடு. பூவரசு, கிளிசரியா இலை, சாணம், சமையல் கழிவு ஆகியவற்றை அடுக்கி, ஈரம் காயாமல் பார்த்து, இடைக்கிடை புரட்டிவிட்டால் நல்ல கூட்டெரு கிடைக்கும். எருக்குழி கிணற்றுக்கு அருகில் வேண்டாம். எருவிலிருந்தும் கிருமியும் நைத்திரேற்றும் நீருக்குப் போகலாம்.

2. தண்ணீர் இறைக்கும் இயந்திரத்துக்குக் கிணற்றடியில் வைத்து எண்ணெய் ஊற்றாதீர்கள். சிந்திவிட்டால் அந்த மண்ணை வெட்டியெடுத்து, கிணற்றுக்குத் தூரமாக, பொலித்தீனுக்கு மேல் கூட்டெருவோடு கலந்து வையுங்கள். மழை படாமல் மூடி, காற்றுப் படப் புரட்டிவிடுங்கள். அந்த மண்ணை உணவுப் பயிருக்குப் போட வேண்டாம்.

3. ரவைக் கோதும் ஷெல் துண்டும் கிடந்த இடத்தில் கீரையும் கிழங்கும் வைக்காதீர்கள். இலையும் கிழங்கும் ஈயத்தைக் கூடுதலாகச் சேர்த்துவைக்கும். மண் ஒட்டியும் வரும். கத்தரி, வெண்டி போன்றவற்றின் காயில் அது குறைவு. சந்தேகம் கூடிய இடத்தில் நிழல் மரம் வைப்பது நல்லது. எதையும் நன்றாகக் கழுவிச் சமையுங்கள்.

4. பழைய பற்றரியை உடைக்கவோ உருக்கவோ இடம் கொடாதீர்கள்.

5. விவசாயப் போதனாசிரியரிடம் மண் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

அந்த அம்மாவிடம் திரும்பப் போய் இவற்றைச் சொன்னேன். வளவு மிதிவெடி அகற்றிய காணிதான் என்பதை முதலில் உறுதிசெய்தோம். பெரிய குழி இருந்த மூலையில் பூவரசங் கதியால் நட்டார். வீட்டுக்குப் பின்னால், ஷெல் விழாத பக்கத்தில், கூட்டெரு போட்டுக் கீரைப்பாத்தி கட்டினார். “அப்ப இந்த மண்ணையும் பிள்ளை மாதிரிச் சாப்பாடு குடுத்துத்தான் தேத்த வேணும்” என்றார். நான் இவ்வளவு நீளமாக எழுதியதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

உங்கள் வளவைப் பற்றியும் இப்படிக் கேள்விகள் இருந்தால் எழுதுங்கள். தெரிந்தவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன்.

அடுத்த மாதம் சந்திப்போம்.