தாயகம் திரும்பும் இலங்கைத் தமிழ் அகதிகளின் இடர்கள்

தாயகம் திரும்பும் இலங்கைத் தமிழ் அகதிகளின் இடர்கள் என்பது, இலங்கை உள்நாட்டுப் போரின் காரணமாக 1983 ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் தஞ்சமடைந்தவர்கள் மீண்டும் இலங்கைக்குச் செல்லும்போது எதிர்கொள்ளும் சட்டம், பாதுகாப்பு, வாழ்வாதாரம் ஆகியவை சார்ந்த சிக்கல்களைக் குறிக்கும். போர் 2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுற்ற பின்னரும் இவ்விடர்கள் முற்றாக நீங்கவில்லை. அவற்றின் தன்மையே மாறியுள்ளது. போர்க்காலத்தில் திரும்பியவர் குண்டுவீச்சுக்கும் இடப்பெயர்வுக்கும் அஞ்ச வேண்டியிருந்தது. போருக்குப் பின் திரும்புபவர் ஆவணமின்மை, கைது, நில இழப்பு, மீண்டும் தஞ்சம் கோர இயலாமை ஆகியவற்றை எதிர்கொள்கிறார்.

பின்னணி

1983 ஆம் ஆண்டு ஜூலை மாதம் நிகழ்ந்த இனக்கலவரத்தைத் தொடர்ந்து இலங்கைத் தமிழர் பெருந்தொகையில் தமிழ்நாட்டுக்கு வரத் தொடங்கினர். 1983 ஜூலைக்கும் 1987 ஜூலைக்கும் இடையில் மட்டும் ஏறத்தாழ 1,34,000 பேர் வந்தனர். மொத்தத்தில் 2012 ஆம் ஆண்டு வரை மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் இந்தியாவுக்கு வந்ததாக இந்திய உள்துறை அமைச்சகத்தின் ஆண்டறிக்கைகள் தெரிவிக்கின்றன. அவ்வமைச்சகத்தின் 2020-21 ஆம் ஆண்டு அறிக்கையின்படி தமிழ்நாட்டின் 108 முகாம்களில் 58,843 பேரும், முகாம்களுக்கு வெளியே ஏறத்தாழ 34,000 பேரும் வாழ்ந்தனர்.

இவர்களுள் பெரும்பாலோர் மன்னார்க் கரையிலிருந்து தனுஷ்கோடி, இராமேசுவரம் கரைகளுக்குப் படகில் வந்தவர்கள். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் மட்டுமே. உயிர் தப்ப இரவில் படகேறியவர்களிடம் கடவுச்சீட்டோ வெளியேறும் அனுமதியோ இருக்கவில்லை. இந்த ஒரு செய்தியே பல்லாண்டுகள் கழித்து அவர்கள் திரும்பும்போது சட்டச் சிக்கலாக மாறுகிறது.

திரும்புதலின் வரலாறு

1987 – 1990

1987 ஜூலை 29 அன்று இந்திய-இலங்கை உடன்படிக்கை கையெழுத்தானது. அமைதி திரும்பிவிட்டது என்ற நம்பிக்கையில் 1987 திசம்பர் முதல் 1989 ஆகத்து வரை ஏறத்தாழ 25,000 பேர் அரசு ஏற்பாட்டில் இலங்கைக்குத் திரும்பினர். ஆனால் இந்திய அமைதி காக்கும் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே 1987 அக்டோபரிலேயே போர் மூண்டிருந்தது. 1990 மார்ச் மாதத்தில் இந்தியப் படை விலகியது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியது. 1989 ஆகத்து முதல் 1991 ஏப்ரல் வரை 1,22,000 பேர் தமிழ்நாட்டுக்கு வந்தனர். முன்பு திரும்பிச் சென்ற குடும்பங்கள் சிலவும் அவர்களுள் அடங்கும்.

1991 – 1995

1991 மே 21 அன்று இந்தியாவின் முன்னாள் தலைமை அமைச்சர் ராஜீவ் காந்தி திருப்பெரும்புதூரில் கொல்லப்பட்டார். திருப்பெரும்புதூர், உத்திரமேரூர், செங்கல்பட்டு ஆகிய ஊர்கள் அக்காலத்தில் பிரிக்கப்படாத செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்தன. (1997 இல் இம்மாவட்டத்திலிருந்து காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்கள் உருவாயின. 2019 இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகியது. உத்திரமேரூர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ளது.) இக்கொலை அகதிகள் மீதான பொதுமக்களின் பரிவையும் அரசின் கொள்கையையும் ஒருசேர மாற்றியது. கொலையில் தொடர்பற்ற முகாம்வாசிகளும் ஐயத்துக்கு உரியவர்களாகப் பார்க்கப்பட்டனர். முகாம்களின் மீதான கண்காணிப்பு இறுகியது. போராளி இயக்கங்களோடு தொடர்புடையோர் எனக் கருதப்பட்டவர்கள் செங்கல்பட்டு போன்ற இடங்களில் அமைந்த சிறப்பு முகாம்களில் அடைத்து வைக்கப்பட்டனர்.

இச்சூழலில் 1992 சனவரியில் அகதிகளைத் திருப்பி அனுப்பும் பணி மீண்டும் தொடங்கியது. 1995 மார்ச் வரை ஏறத்தாழ 54,000 பேர் அனுப்பப்பட்டனர். இதைத் தன்விருப்பத் திரும்புதல் என்று அரசு கூறியது. ஒப்புதல் படிவங்கள் அகதிகளுக்குப் புரியாத ஆங்கிலத்தில் இருந்தன என்றும், முகாம்களில் அழுத்தம் தரப்பட்டது என்றும் குற்றச்சாட்டுகள் எழுந்தன. பழ. நெடுமாறன், மருத்துவர் ச. இராமதாசு ஆகியோர் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தனர். 1992 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அகதிகளுக்கான உயர் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்து, திரும்புவோரின் விருப்பத்தை உறுதி செய்யும் பொறுப்பை ஏற்றது.

அவ்வாறு திரும்பியவர் பலர் தம் சொந்த ஊரை அடைய இயலவில்லை. மன்னார், வவுனியா, திருகோணமலைப் பகுதிகளின் இடைத்தங்கல் முகாம்களில் அவர்கள் தங்க வைக்கப்பட்டனர். 1995 ஏப்ரலில் மூன்றாம் ஈழப்போர் தொடங்கியதும் கடல்வழி வருகை மீண்டும் தொடர்ந்தது.

2002 க்குப் பின்

2002 ஆம் ஆண்டு போர்நிறுத்த உடன்பாட்டுக்குப் பின்னும், 2009 இல் போர் முடிந்த பின்னும், உயர் ஆணையத்தின் உதவியுடன் சிறு தொகையினர் திரும்பி வந்துள்ளனர். பயணச் சீட்டும் மீள்குடியேற்றத்துக்கான சிறு உதவித்தொகையும் இவர்களுக்கு வழங்கப்பட்டன. 2011 அக்டோபரில் தூத்துக்குடி-கொழும்பு பயணிகள் கப்பலில் 37 பேர் திரும்பினர். எனினும் அக்கப்பல் சேவை அடுத்த மாதமே நின்றுபோனது.

சட்ட இடர்கள்

இந்தியாவில்

1951 ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையிலோ அதன் 1967 ஆம் ஆண்டு நெறிமுறையிலோ இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச்சட்டமும் இந்தியாவில் இல்லை. உயிருக்கு ஆபத்துள்ள நாட்டுக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கை அவ்வுடன்படிக்கையின் 33 ஆம் உறுப்பில் உள்ளது. இந்தியாவில் இக்கொள்கைக்கு நிகரான காப்பு அரசியலமைப்பின் 21 ஆம் உறுப்பின் வழியாகவே கிடைக்கிறது. இவ்வுறுப்பு குடிமக்கள் அல்லாதவருக்கும் பொருந்தும் என்று சக்மா மக்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 இல் தீர்ப்பளித்தது.

நாடு திரும்ப விரும்பும் அகதி, வெளியேறும் அனுமதி பெற வேண்டும். வழக்கு நிலுவையில் உள்ளவர்களுக்கு இது எளிதில் கிடைப்பதில்லை. அனுமதி பெற்று வெளியேறியவரின் பெயர் முகாம் பதிவிலிருந்து நீக்கப்படும். எனவே ஊர் நிலைமையைச் சென்று பார்த்துவிட்டு வந்து முடிவெடுக்கும் வாய்ப்பு முகாம்வாசிக்கு இல்லை.

இலங்கையில்

இலங்கையின் 1948 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டத்தின்படி, அங்கீகரிக்கப்படாத துறையிலிருந்து உரிய ஆவணமின்றி நாட்டை விட்டு வெளியேறுவது குற்றமாகும். இதற்குச் சிறைத்தண்டனையும் தண்டப்பணமும் விதிக்கப்படலாம். உயிர் காக்க வெளியேறியவருக்கும் வேலை தேடி வெளியேறியவருக்கும் இச்சட்டம் வேறுபாடு காட்டுவதில்லை.

2025 மே மாதத்தில் தமிழ்நாட்டிலிருந்து உயர் ஆணையத்தின் ஏற்பாட்டில் யாழ்ப்பாணம் திரும்பிய முதியவர் ஒருவர், பலாலி விமான நிலையத்தில் இக்குற்றத்தின் பேரில் கைது செய்யப்பட்டார். இரு அரசுகளும் அறிந்த முறையான வழியில் வந்தவரே கைதானது பலத்த விமர்சனத்துக்கு உள்ளானது. நடைமுறையிலுள்ள சட்டத்தின் விளைவே இது என்றும், இந்நிலை மாற்றப்படும் என்றும் அமைச்சர் பிமல் ரத்நாயக்க தெரிவித்தார். சட்டத்தில் வெளிப்படையான விலக்கு இல்லாதவரை, திரும்புபவரின் நிலை அன்றைய அதிகாரிகளின் முடிவைப் பொறுத்ததாகவே அமையும்.

பாதுகாப்பு இடர்கள்

1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், நீதிமன்ற விசாரணைக்கு முன் நீண்ட காலம் தடுத்து வைக்க இடமளிக்கிறது. இதற்கு மாற்றாகப் புதிய சட்டம் கொண்டுவரும் முயற்சிகள் பலமுறை நடைபெற்றுள்ளன. விடுதலைப் புலிகளோடு உண்மையாகவோ ஐயத்தின் பேரிலோ தொடர்புபடுத்தப்படுவோருக்கே இதனால் வரும் இடர் மிகுதி. எல்லாத் திரும்புவோருக்கும் இது ஒரே அளவில் பொருந்தாது. முகாமில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கும், முன்பு சிறப்பு முகாமில் வைக்கப்பட்டிருந்த ஒருவருக்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு.

போர் நடந்த பகுதிகளில் கண்ணிவெடிகளும் மிதிவெடிகளும் மற்றொரு இடராகும். முகமாலை போன்ற முன்னாள் போர்முனைகளில் அகற்றும் பணி போர் முடிந்து பல்லாண்டுகள் நீடித்தது. இலங்கை 2017 திசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது.

நிலமும் ஆவணங்களும்

* நிலம்: வலிகாமம் வடக்கில் 1990 இல் இடம்பெயர்ந்தோரின் காணிகள் உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்டன. 2013 இல் அங்கு 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் வெளியானது. 2015 க்குப் பின் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டது.
* ஆட்சியுரிமை: இலங்கைச் சட்டத்தில் பிறர் நிலத்தைப் பத்தாண்டுகள் தடையின்றி அனுபவித்தவர் உரிமை கோரலாம். போரால் இடம்பெயர்ந்தோரைக் காக்க 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சிறப்பு ஏற்பாடுகள் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் உரிமை கோர இரண்டாண்டுகளே தரப்பட்டன. தமிழ்நாட்டு முகாமில் இருந்துகொண்டு அக்காலத்துக்குள் வழக்குத் தொடுப்பது பலருக்கு இயலாத செயலாகும்.
* காலக்கெடு: 2025 மார்ச் மாதத்தில் வட மாகாணத்தில் ஏறத்தாழ 5,900 ஏக்கர் நிலத்துக்கு மூன்று மாதங்களுக்குள் உரிமை கோர வேண்டும் என்று வர்த்தமானி அறிவித்தல் வெளியானது. எதிர்ப்பையும் உச்ச நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையையும் அடுத்து இது திரும்பப் பெறப்பட்டது.
* குடியுரிமை: 1987 ஜூலை 1 க்குப் பின் இந்தியாவில் அகதிகளுக்குப் பிறந்த பிள்ளைகள் பிறப்பால் இந்தியக் குடிமக்கள் ஆவதில்லை. இலங்கைக் குடியுரிமை பெற, சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். இதற்குப் பெற்றோரின் இலங்கை ஆவணங்கள் தேவை. படகிலோ குண்டுவீச்சிலோ அவற்றை இழந்த குடும்பங்களின் பிள்ளைகள் எந்நாட்டுக் குடிமகனும் அல்லாத நிலைக்குத் தள்ளப்படுகின்றனர்.
* மலையகத் தமிழர்: இந்திய வம்சாவளியினர் பலர் 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாத்திரி உடன்படிக்கைக் காலம் முதல் குடியுரிமைச் சிக்கலில் இருந்தவர்கள். 2003 ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கையில் வாழ்ந்தோருக்கு மட்டும் குடியுரிமை அளித்தது. இந்திய முகாம்களில் இருந்தோருக்கு வழிசெய்யும் திருத்தம் 2009 இல்தான் வந்தது.

மீண்டும் வர இயலாமை

திரும்பிச் சென்றவர் அங்கு வாழ இயலாமல் மீண்டும் இந்தியாவுக்கு வந்தால், அவரது பழைய நிலை அவருக்குக் கிடைப்பதில்லை. இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் 2022 மார்ச் முதல் தனுஷ்கோடிக்குப் படகில் வந்தவர்களுள், முன்பு தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்ந்து ஊர் திரும்பியவர்களும் இருந்தனர். தமிழ்நாடு அரசு அவர்களை மண்டபம் முகாமில் தங்க வைத்து உணவளித்தது. ஆனால் அவர்கள் அகதிகளாகப் பதிவு செய்யப்படவில்லை.

2025 செப்டம்பர் 1 அன்று இந்தியாவின் புதிய குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் வெளியான விலக்கு ஆணை, 2015 சனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சமடைந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு, நுழைவிசைவு தொடர்பான நடவடிக்கைகளிலிருந்து விலக்கு அளித்தது. இது முகாம்வாசிகளுக்குப் பெரும் நிம்மதி அளித்த மாற்றமாகும். அதே வேளையில் திரும்பிச் செல்லும் முடிவின் விலையை இது உயர்த்தியும் உள்ளது. இந்தியாவில் தங்கியிருப்பவர் இவ்விலக்கினுள் இருக்கிறார். ஊர் திரும்பிப் பின்னர் மீண்டும் வருபவர் அத்தேதிக்குப் பின் வந்தவராகிறார்.

பிற நாடுகளில்

மேலை நாடுகளில் இச்சிக்கல் வேறு வடிவில் உள்ளது. 1951 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, தன் நாட்டின் பாதுகாப்பைத் தானே விரும்பி மீண்டும் ஏற்பவர் அகதி நிலையை இழக்கலாம். கனடாவில் 2012 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின், தாய்நாட்டுக் கடவுச்சீட்டைப் பெற்றுத் தாய்நாடு சென்றுவரும் அகதி தன் நிரந்தர வதிவிட உரிமையையும் இழக்கக்கூடும். குடியுரிமை பெற்றுவிட்டவருக்கு இது பொருந்தாது. செருமனியில் 2024 அக்டோபர் முதல், தாய்நாடு சென்றுவருதல் பாதுகாப்பு தேவையில்லை என்பதற்கான அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. நெருங்கிய உறவினரின் இறப்பு, கடும் நோய் போன்ற காரணங்களுக்கு விலக்கு உண்டு.

புகலிடம் மறுக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டோரின் நிலையும் கவனிக்கத்தக்கது. பிரித்தானியாவிலிருந்து திரும்பிய தமிழர் சிலர் சித்திரவதைக்கு உள்ளானதை மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2012 இல் ஆவணப்படுத்தியது. திருப்பி அனுப்பப்பட்ட இருவர் கொழும்பில் கைதானதை அடுத்து, சுவிட்சர்லாந்து 2013 இல் இலங்கைக்கு நாடுகடத்துவதை நிறுத்தி வைத்தது.

தன்விருப்பம் குறித்த மதிப்பீடு

தன்விருப்பத் திரும்புதல் என்பதற்கு அழுத்தமின்மை மட்டும் போதுமானதன்று; திரும்பும் இடத்தின் நிலைமை பற்றிய சரியான தகவலும் வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட நெறி. தமிழ்நாட்டின் பட்டறிவு மூன்றாவது தேவை ஒன்றையும் காட்டுகிறது. முடிவு தவறினால் திரும்பி வர வழி இருத்தல் வேண்டும். 1987 இல் திரும்பியவர்கள் தகவலின்றி மட்டும் தவறவில்லை; அன்று அமைதி நிலைக்கும் என்று இரு அரசுகளும்கூட நம்பின. அன்று மீண்டும் படகேறி வந்தவர்களை முகாம் ஏற்றுக்கொண்டது. 2022 இல் வந்தவர்களுக்கு உணவும் உறைவிடமும் கிடைத்தன, பதிவு கிடைக்கவில்லை.

இதனால் ஊர் திரும்ப விரும்புவோரும் முகாமிலேயே தங்கிவிடும் நிலை உருவாகிறது. வெளியேறிய குற்றத்திலிருந்து அகதிகளுக்கு இலங்கைச் சட்டத்தில் தெளிவான விலக்கு, பிறப்பு மற்றும் நில ஆவணங்களை முகாமிலிருந்தே பெறும் வசதி, ஊரைப் பார்த்துவர இந்தியா அளிக்கும் தற்காலிக அனுமதி ஆகியவை இருப்பின் பல குடும்பங்கள் அச்சமின்றி முடிவெடுக்க இயலும். இவை எவற்றுக்கும் புதிய உடன்படிக்கை தேவையில்லை; இரு அரசுகளும் தத்தம் சட்டத்துக்குள்ளேயே செய்யக்கூடியவை.