கேமரா பாக்கும், பூட்டாது!

"வண்டி திருட்டுன்னா பயமா? வாசல்ல ஒரு வைஃபை கேமரா மாட்டிடுங்க, போதும்." இதைச் சொல்லாத ஆள் இப்ப ஊர்ல கிடையாது. எலக்ட்ரீஷியன் சொல்றார், மாடி வீட்டு அங்கிள் சொல்றார், கல்யாணப் பந்தியில பக்கத்து இலைக்காரர் சொல்றார். சொல்றதோட நின்னா பரவாயில்லை. 2,500 ரூபா குடுத்து ஒண்ணை வாங்கி மாட்டிட்டு, அன்னிக்கு ராத்திரியில இருந்து வண்டிக்கு சைடு லாக் போடறதையே விட்டுடறாங்க மக்கள். எனக்குக் கடுப்பே அங்கதான்.

கேமராவே வேண்டாம்னு சொல்ற பழம்பஞ்சாங்கம் இல்லை நான். என் கட்சி ஒண்ணே ஒண்ணுதான். கேமரா ஒரு சாட்சி, அவ்வளவுதான். காவக்காரன் இல்லை. அதுவும் பாதி நேரம் தூங்கற சாட்சி.

வண்டி எப்படிப் போகுதுன்னு கொஞ்சம் பாருங்க. வாட்ஸப்புல சுத்துற வீடியோ எல்லாமே கிட்டத்தட்ட ஒரே படம்தான். ராத்திரி ரெண்டு ரெண்டரை மணி. ரெண்டு பேர் ஒரே வண்டியில வர்றாங்க. ஒருத்தன் இறங்கி நம்ம வண்டி மேல உக்காந்து, ஹேண்டில் பாரை ஒரு பக்கமா காலால அழுத்தி உதைக்கிறான். சைடு லாக் 'டக்'. சாவி போடற இடத்துக்குப் போற வயரைப் பிடுங்கி ஸ்டார்ட் பண்ணிப் பாக்குறான். ஸ்டார்ட் ஆகலையா, கவலையே இல்லை. பின்னாடி இன்னொரு வண்டியில வர்றவன் ஒரு காலால உந்தித் தள்ளிக்கிட்டே தெருமுனை தாண்டிடறான். மொத்தமே ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம்.

இதுல நம்ம கேமரா என்ன கிழிச்சுது? படம் பிடிச்சுது. எதை? முதல் மாடி சன்ஷேடுக்குக் கீழே மாட்டினதால ஹெல்மெட்டோட உச்சியை. நம்பர் பிளேட்டு? ராத்திரியில கேமராவோட அகச்சிவப்பு வெளிச்சம் பளபளா பிளேட்டுல பட்டுத் திரும்பி வந்து, எழுத்து இருக்க வேண்டிய இடத்துல வெள்ளையா ஒரு கட்டம்தான் தெரியும். திருட வந்தவன் வந்த வண்டியும் பெரும்பாலும் திருட்டு வண்டிதான்ங்கறது தனிக் கதை.

"அதான் மொபைலுக்கு அலாரம் வருமே?" வரும் சாமி, வரும். நாய் போனா வரும், பூனை போனா வரும், மழை பெஞ்சா வரும். அந்த அகச்சிவப்பு விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சியைத் தேடி சிலந்தி வந்து கேமரா முன்னாடியே வலை கட்டும், காத்துல வலை ஆடுறப்பல்லாம் அலாரம் வரும். முதல் வாரம் எழுந்து எழுந்து பாப்பீங்க. ரெண்டாவது வாரம் வீட்டம்மா முறைப்பாங்க. மூணாவது வாரம் நோட்டிஃபிகேஷனை அமுக்கிட்டு நிம்மதியா தூங்குவீங்க. திருடனுக்கு வேண்டியதும் அந்தத் தூக்கம்தான்.

'வயர்லெஸ்'ங்கற பேருல வேற மயக்கம். பெரும்பாலானதுக்கு கரண்டு வயர் வேணும். மழை ராத்திரி கரண்டு போச்சுன்னா கேமராவும் போச்சு, ரவுட்டரும் போச்சு (இன்வெர்ட்டர் இருக்கற வீட்டுலயும் ஃபேனுக்கும் லைட்டுக்கும்தான் லைன் குடுத்திருப்பாங்க, ரவுட்டரை யாரு நினைச்சா?). பேட்டரி மாடல்னா, சார்ஜை மிச்சம் பிடிக்க அது எப்பவும் தூங்கிக்கிட்டேதான் இருக்கும். ஆள் நடமாட்டம் தெரிஞ்சு முழிக்கிறதுக்குள்ள முக்கியமான முதல் ரெண்டு விநாடி போயிடும். ஹால்ல இருக்கற ரவுட்டர்ல இருந்து ரெண்டு சுவரு தாண்டி கேட்டு வரைக்கும் சிக்னல் போகணும்ங்கறதையும் சேத்துக்கோங்க. படம் பதியற மெமரி கார்டு கேமராவுக்குள்ளயே இருக்கு. கை எட்டுற உயரத்துல மாட்டியிருந்தா வண்டியோட சாட்சியையும் சேத்து எடுத்துட்டுப் போயிடலாம். ஒரே டிரிப்பு :-)

"அப்ப போலீஸே கேமரா மாட்டச் சொல்லுதே, அவங்க என்ன முட்டாளா?" நியாயமான கேள்வி. சென்னையில ஏ.கே.விஸ்வநாதன் கமிஷனரா இருந்தப்ப 'மூன்றாவது கண்'ணுனு தெருத்தெருவா கேமரா மாட்ட வெச்சாங்க. அதனால குற்றவாளிங்க பிடிபட்டது உண்மை. ஒரு தெருவுல ஹெல்மெட் போட்டிருந்தவன் அடுத்த ரோட்டுல கழட்டியிருப்பான், நாப்பது கேமராவைக் கோத்துப் பாத்தா ஆள் சிக்குவான். அது பிடிக்கிற வேலை. தடுக்கிற வேலை வேற. கேமராவைப் பத்தி நாப்பது வருஷம் வெளியான ஆய்வுகளை எல்லாம் சேத்து 2019ல பீஸா, வெல்ஷ், ஃபாரிங்டன், தாமஸ்னு நாலு பேர் அலசினாங்க. கேமராவால நல்ல பலன் தெரிஞ்சது முக்கியமா வண்டி நிறுத்துமிடங்கள்லதான். அதுலயும் ஒருத்தர் உக்காந்து கண்காணிச்ச இடத்துலயும், வெளிச்சம் மாதிரி வேற ஏற்பாடுகளோட சேத்து வெச்ச இடத்துலயும் பலன் அதிகம். அந்த 'ஒருத்தர் உக்காந்து' நம்ம வீட்டுல யாரு? பன்னெண்டு மணிக்கு மேல எவனும் இல்லை.

இப்ப நிஜமான வயித்தெரிச்சலுக்கு வர்றேன். மேடவாக்கம், பள்ளிக்கரணை பக்கம் வாடகை வீடு தேடினவங்களுக்குத் தெரியும். கேட்டுக்கு உள்ள ஓனரோட கார், துணி போர்த்திக்கிட்டு தூங்கும். குடித்தனக்காரங்க நாலு பேரோட வண்டியும் தெருவுல. "சார், உள்ள ஓரமா ஒரு வண்டி நிக்குமே"ன்னா, "அதான் கேமரா இருக்கேப்பா, வெளியவே விடு"ங்கறார். கேட்டுச் சாவி ஒண்ணு கேட்டா, "பத்து மணிக்கு மேல கேட்டை திறக்கக்கூடாது." சுவத்துல ஒரு இரும்பு வளையம் பதிச்சுக்கறோம்னா, "சுவரு விட்டுப்போகும்." 2,500 ரூபா கேமராவைக் காட்டி இத்தனை பொறுப்பையும் தட்டிக் கழிக்கிறாங்க பாருங்க, அதுக்குத்தான் இந்தப் பதிவே. அந்த வெளிய நிக்கிற வண்டி, உணவு டெலிவரி பண்ற பையனோடதா இருக்கும். வண்டி போன மறுநாள் அவனுக்கு வேலையும் இல்லை. லோன்ல எடுத்த வண்டின்னா தவணை மட்டும் மாசா மாசம் கரெக்டா வந்து நிக்கும்.

இன்ஷூரன்ஸ் இருக்கேன்னு சொல்வீங்க. 2018 செப்டம்பர்ல இருந்து புது டூவீலருக்கு அஞ்சு வருஷ தேர்ட் பார்ட்டி சேத்தே எடுக்கணும். பேப்பர்ல அஞ்சு வருஷம்னு பாத்துட்டு நிம்மதியா இருக்கான் மனுஷன். ஆனா திருட்டுக்குக் காசு தர்றது தேர்ட் பார்ட்டி இல்லை, வண்டியோட சொந்தச் சேதத்துக்கான பகுதி. அது பல பேருக்கு முதல் வருஷத்தோட முடிஞ்சிருக்கும். கேமரா வாங்கறதுக்கு முன்னாடி அந்தக் காகிதத்தை எடுத்துத் தேதியைப் பாருங்கய்யா. வண்டி போச்சுன்னா உடனே எஃப்.ஐ.ஆர்., உடனே இன்ஷூரன்ஸுக்குத் தகவல். ரெண்டு சாவியும் கேப்பாங்க, பத்திரம்.

இன்னொண்ணு. கேமரா வந்ததுல இருந்து எல்லாரும் சி.ஐ.டி. சங்கர் ஆயிட்டாங்க. அட்ரஸ் தேடி ரெண்டு தடவை தெருவுல நடந்த கூரியர் பையன், பழைய பேப்பர்காரர், நாலு மணிக்குப் பால் போட வந்தவர்னு எல்லார் முகமும் "இந்த ஆள் மேல சந்தேகமா இருக்கு"ன்னு குரூப்ல வருது. ஹெல்மெட் போட்ட திருடன் முகம் தெரியாது, வெறும் தலையோட உழைக்கப் போறவன் முகம் பளிச்சுனு தெரியும். எதிர் வீட்டு வாசப்படியை இருபத்திநாலு மணி நேரமும் நம்ம போன்ல பாக்குறது எந்த ஊர் நியாயம்னும் புரியலை.

நம்ம வீட்டை ஊரான் பாக்குற ஆபத்தும் இருக்கு. கம்பெனி குடுத்த பாஸ்வேர்டை மாத்தாம விட்ட கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் மொத்தமா வசப்படுத்தித்தான் 2016ல மிராய்னு ஒரு நச்சு நிரல் இணையத்தையே ஆட்டி வெச்சுது. மாட்டறவங்க அந்த பாஸ்வேர்டையாவது மாத்துங்க.

திருடன் கணக்கு ரொம்ப சிம்பிள். தெருவுல பத்து வண்டி நிக்குது. எது ஒரு நிமிஷத்துல கிளம்பும்? உங்க வண்டியில மொத்தமா ஒரு சங்கிலி, தூண்லயோ தரை வளையத்துலயோ சேத்துப் பூட்டியிருந்தா அவனுக்கு கட்டர் வேணும், சத்தம் வரும், நேரம் ஆகும். முன்னாடியெல்லாம் பெட்ரோல் டேப்பை மூடிட்டாவது போவாங்க. 2020க்கு அப்புறம் வந்த பி.எஸ்.6 வண்டிகள்ல பெரும்பாலும் அந்த டேப்பே இல்லை. பழைய வண்டின்னா மெக்கானிக்கிட்ட சொல்லி மறைவா ஒரு சுவிட்சு வெச்சுக்கலாம் (வாரண்டி இருக்கற புது வண்டியில வயரை வெட்ட விடாதீங்க). இதெல்லாம் முடிச்சு, வாசல்ல பளிச்சுனு ஒரு லைட்டும் போட்டுட்டு, அப்புறமா காசு மிச்சம் இருந்தா கேமராவை மாட்டுங்க. முகம் தெரியற உயரத்துல.

பி.கு: சங்கிலியை முன் சக்கரத்துல மட்டும் போடாதீங்க. சக்கரத்தை மட்டும் கழட்டி விட்டுட்டு மீதி வண்டியைத் தூக்கிட்டுப் போயிடலாம். வண்டியோட சேஸிஸையும் சேத்துச் சுத்துங்க. சங்கிலி தரையில படாம இருக்கணும். தரையில கிடந்தா சுத்தியலால அடிச்சு உடைக்கறது அவனுக்கு சுலபம்.